மலைத் தண்ணீரில் நீர்த்தாவரங்கள்: பசளை போட்டுப் பார்த்த அனுபவம்

ஹட்டன் பக்கம் பீலித் தண்ணீரில் (மலை ஊற்றிலிருந்து வரும் நீரில்) மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். நமது தண்ணீர் மென்மையானது, கல்சியமும் மக்னீசியமும் ரொம்பக் குறைவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீருக்குச் சரிவரும் பசளை அளவு இங்கே அப்படியே சரிவராது.

பல வருடமாக என் 60 லீற்றர் தொட்டிக்குப் பொட்டாசியம் நைத்திரேற்றுத்தான் முதன்மைப் பசளை. ஒரு கிராம் கரைத்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் நைத்திரேற்றும் 6 மில்லிகிராம் பொட்டாசியமும் கிடைக்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்த காலத்தில் அது கைக்கு எட்டவில்லை. அப்போது செடிகள் காட்டிய மாற்றம்தான் எனக்குப் பெரிய பாடம். மீன் தீனியிலும் கழிவிலும் நைதரசனும் பொசுபரசும் ஓரளவு கிடைத்துவிடுகின்றன, பொட்டாசியம் போதவில்லை. ஹைக்ரோபிலா என்ற நீர்ச்செடியின் அடியிலைகளில் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம். நுனிக்குருத்து மட்டும் பச்சையாகவே இருந்தது. பொட்டாசியம் பற்றாவிட்டால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத்தான் குருத்துக்குக் கொடுக்கும். இரும்பு அப்படி நகராது. அதனால் இரும்பு குறைந்தால் முதலில் வெளிறுவது குருத்துத்தான். எந்த இலை வாடுகிறது என்று பார்க்காமல் பசளைப் போத்தல் வாங்குவது வீண் செலவு.

அப்புறம், பொட்டாசியம் மீண்டும் கிடைத்த பிறகும் பழைய இலைகள் நரம்பு பச்சை, நடு மஞ்சள் என்று நின்றன. தேயிலை மலையில் வேலை செய்த மாமா பார்த்தவுடனே, "கொழுந்துக்குக் கீழே முத்தின இலையில நாங்க பார்க்கிறதுதான் இது, மக்னீசியம் பத்தல" என்றார். பாமசியில் வாங்கிய எப்சம் உப்பு 3 கிராம் போட்டேன். லீற்றருக்கு 5 மில்லிகிராம் மக்னீசியம் சேரும். மஞ்சளான இலை தேறவில்லை, ஆனால் அடுத்து வந்தவை முழுப்பச்சை. மலைநாட்டுத் தொட்டிக்கு விலையுயர்ந்த கலவைகளைவிட இந்த உப்பைத்தான் முதலில் சொல்வேன்.

நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்டி என்ற நீர்ச்செடி வேரால் நன்றாக உண்ணும். மண்ணுக்குள் பசளை வில்லை புதைப்பதுதான் அதற்கு நல்லது. நுவரெலியாக் குளிரில் எல்லாமே மெதுவாக வளரும், பாதி அளவு போதும். தோட்டத்து யூரியாவை மட்டும் தொடவே வேண்டாம்: தண்ணீரில் அமோனியாவாக மாறி மீன்களைக் கொன்றுவிடும்.