ரெட் ஹட் நல்ல சாமான்தான், ஆனால் பென்னில் போட்டுக் கொடுக்க ஏலாது

ரெட் ஹட் கம்பனி நிறுவனங்களுக்கென்று விற்கிற இயங்குதளமான ரெட் ஹட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் வேகம், பாதுகாப்பு, பத்து வருட ஆதரவு என்று தொடங்குவார்கள். கிளிநொச்சியில் இருந்து பாவிக்கிறவனுக்கு அதற்கு முதலே ஒரு கேள்வி வரும்: ஒருக்கால் தரவிறக்கினால் மற்றவனுக்கும் கொடுக்கலாமா? எட்டு, பத்து ஜிபி கோப்பை வீட்டுக்கு வீடு இறக்க இங்கே யாருக்கும் டேட்டா கட்டாது. ஒருவர் இரவோடு இரவாக இறக்கிவைப்பார், மிச்சப் பேர் பென் டிரைவோடு வந்து நிற்பார்கள். எங்கள் பக்கம் மென்பொருள் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் இந்த விமர்சனத்தில் அதைத்தான் முதல் அளவுகோலாக எடுத்திருக்கிறேன்.

முதலில் எடுக்கிற வேலை. ரெட் ஹட் தனியாட்களுக்கு ஒரு இலவச டெவலப்பர் சந்தா கொடுக்கிறது. ஒரு மின்னஞ்சல் இருந்தால் போதும், வங்கி அட்டை கேட்பதில்லை. 2021 தொடக்கம் ஒரு கணக்கில் 16 மிசின் வரை பதியலாம், வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கும் காசில்லை. தரவிறக்கப் பக்கத்தில் இரண்டு ஐஎஸ்ஓ (நிறுவுகிற கோப்பு) இருக்கும். சின்னது ஒரு ஜிபி அளவில், ஆனால் நிறுவும்போது மிச்சத்தை இணையத்திலிருந்து இழுக்கும். சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில் அதைத் தொடவே வேண்டாம், பெரிய டிவிடி ஐஎஸ்ஓவை எடுங்கள்.

நிறுவிய பிறகு குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆவணங்கள் அருமை. பிழைச் செய்தியை அப்படியே தேடினால் அவர்களுடைய அறிவுத்தளத்தில் ஒரு கட்டுரை கிடைக்கும், இலவசக் கணக்கிலேயே படிக்கலாம். கொக்பிட் என்ற வலைப்பக்கத்தால் இன்னொரு கணினியிலிருந்து சேவரை (மற்றக் கணினிகளுக்குச் சேவை தருகிற கணினி) பார்த்துக்கொள்ளலாம். அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள் ரெட் ஹட் நடத்துகிற ஆர்எச்சிஎஸ்ஏ பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவதென்றால் இதைவிட்டு வேறெதையும் தேட வேண்டாம்.

ஆனால் அந்த இலவசச் சந்தா ஆளுக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை. கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கையோ ஆலையின் பில்லிங்கையோ அதில் ஓட்டுவதென்றால் காசு கட்டிச் சந்தா எடுக்க வேண்டும். ஆகக் குறைந்த சேவர் சந்தாவே வருசத்துக்கு 350 டொலருக்கு மேல், அதிலும் தொலைபேசியில் கேட்க ஆளில்லை, புதுப்பிப்புகளும் அறிவுத்தளமும் மட்டும்தான். பரந்தனில் அரிசி ஆலை வைத்திருக்கிற ஐயா ஒருவருக்கு இதை விளங்கப்படுத்தினேன். “ஒரு லட்சமோ? அதுவும் வருசா வருசமோ? அந்தக் காசுக்கு ரெண்டு பழைய மிசின் வேண்டலாமே தம்பி” என்றார். அவரோடு வாதாட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சரி, கொடுக்கிற கதைக்கு வருவோம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் இருக்கிறது. அதைப் பெற்ற எவரும் பிரதி எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மூலநிரலையும் கேட்டு வாங்கலாம். இதைக் கேள்விப்பட்ட பெடியள் “அப்ப ரெட் ஹட்டையும் குடுக்கலாம்தானே அண்ணை, பென்னிலை போட்டுத் தாங்கோ” என்று வருவார்கள். இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, ரெட் ஹட் என்ற பெயரும் அந்தத் தொப்பி இலச்சினையும் அவர்களுடைய வியாபாரக் குறி. அவை ஒட்டியபடி நீங்கள் விநியோகிக்க முடியாது, கழற்றிவிட்டு உங்கள் பெயரில்தான் கொடுக்க வேண்டும். மற்றது சந்தா ஒப்பந்தம். அதன் வழியாகக் கிடைத்ததை வெளியாட்களுக்குக் கொடுத்தால் சந்தாவை நிறுத்த அவர்களுக்கு இடம் இருக்கிறது. கையில் இருக்கிற பிரதிக்கு ஜிபிஎல் தந்த உரிமை போகாது, ஆனால் நாளைக்கு வரப்போகிற பாதுகாப்புத் திருத்தம் உங்களுக்கு வராது.

2023 ஜூனில் இது இன்னும் இறுகியது. பொதுவில் கிடைக்கிற மூலநிரல் அடுத்த வெளியீட்டுக்கு முன்னோட்டமான சென்டொஸ் ஸ்ட்ரீமோடு சரி, ரெட் ஹட்டின் சரியான மூலநிரல் வேண்டுமென்றால் வாடிக்கையாளராக உள்ளே வர வேண்டும் என்றார்கள். ஜிபிஎல்லுக்கு இது பொருந்துமா என்று விசயம் தெரிந்தவர்களே இன்னும் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: சட்டத்தில் தப்பிவிடுவார்கள், ஆனால் பகிர்ந்து வளர்ந்த சாமானுக்கு இப்படி வேலி போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக அவர்களைக் கள்ளர் என்று திட்டுகிற கூட்டத்தோடும் சேரமாட்டேன். கெர்னலில் வேலை செய்கிற எத்தனையோ பேருக்குச் சம்பளம் கொடுப்பது அவர்கள்தான். 2019 இல் ஐபிஎம் 34 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கிய கம்பனி கணக்குப் பார்க்காமல் இருக்குமா?

முந்தி இந்தப் பிரச்சினைக்கு மருந்து சென்டொஸ். ரெட் ஹட்டின் மூலநிரலை எடுத்து, பெயரையும் இலச்சினையையும் கழற்றி, 2004 இலிருந்து சும்மா கொடுத்தார்கள். வியாபாரக் குறி விசயத்தில் எவ்வளவு கவனம் என்றால், ரெட் ஹட் என்ற பெயரை எழுதாமல் ‘வட அமெரிக்காவின் பிரபல விற்பனையாளர்’ என்ற மாதிரிச் சுற்றிவளைத்துத்தான் குறிப்பிடுவார்கள். எங்கள் ஊரில் கணவன் பெயர் சொல்லாத ஆச்சிமார் தோற்றார்கள். 2014 இல் ரெட் ஹட்டே அதைத் தன் பக்கம் எடுத்தது. 2020 டிசம்பரில், 2029 வரை வரும் என்று சனம் நம்பியிருந்த சென்டொஸ் 8 ஐ 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தது. சென்டொஸ் 7 உம் 2024 ஜூன் 30 உடன் முடிந்தது. அது இன்னமும் ஓடுகிற இடங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன, பெயர் சொல்லமாட்டேன், தயவுசெய்து மாற்றுங்கள்.

மாற்றுவதென்றால் என் தெரிவு, சென்டொஸின் இடத்தை நிரப்ப வந்த அல்மா லினக்ஸ். 2021 மார்ச்சில் முதல் வெளியீடு, இப்போது ஒரு இலாப நோக்கற்ற அமைப்பின் கையில் இருக்கிறது. கணக்கும் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஐஎஸ்ஓவை மாற்றாமல் எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். 2023 க்குப் பிறகு இது ரெட் ஹட்டின் அச்சுப் பிரதி இல்லை, அதற்கு எழுதிய மென்பொருள் இதிலும் ஓடும் என்பதுதான் உறுதி. எங்கள் பாவனைக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. காசு கட்டி ஆதரவு வேண்டுமென்றால் டக்ஸ்கெயார் என்ற கம்பனி விற்கிறது. ரொக்கி லினக்ஸும் இதே சுதந்திரத்தோடு வருகிறது, பிடித்தவர்கள் அதை எடுக்கலாம்.

அல்மாவை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் எங்கள் பழைய மிசின்கள். 2025 இல் வந்த ரெட் ஹட் 10 க்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி உள்ள புரொசெசர் வேண்டும், அதாவது இன்டெல்லில் நாலாம் தலைமுறை தொடக்கம். வவுனியாவில் பழைய கொம்பியூட்டர் விற்கிற கடைகளில் அடுக்கியிருக்கிற மூன்றாம் தலைமுறை ஐ5 பெட்டிகளில் அதை நிறுவ ஏலாது. அல்மா 10 மட்டும் அந்த மிசின்களுக்கென்று எக்ஸ்86-64-வி2 என்ற தனிப் பதிப்பையும் வெளியிடுகிறது. ரியூசன் நிலையம் நடத்துகிறவருக்கு இது எத்தனை கதிரையைக் காப்பாற்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு லினக்ஸான உபுண்டு பற்றிச் சுருக்கமாக. மாற்றாத ஐஎஸ்ஓவைத் தாராளமாகக் கொடுக்கலாம். 24.04 க்கு 2029 வரை ஆதரவு, அதற்கு மேலும் வேண்டுமென்றால் உபுண்டு புரோ, தனியாளுக்கு 5 மிசின் வரை இலவசம். புரோ டோக்கனை மட்டும் ஊருக்கெல்லாம் பகிராதீர்கள், அது உங்கள் பெயரில் உள்ளது. 2011 வரை உபுண்டுவை வெளியிடுகிற கனோனிக்கல் கம்பனி உலகமெங்கும் இலவசமாகச் சீடி தபாலில் அனுப்பியது. 2006 இல் முகமாலையில் ஏ9 வீதியைப் பூட்டிய பிறகு எங்களுக்கு என்ன தபால், என்ன சீடி, அதை விடுங்கள்.

ஒரக்கிள் லினக்ஸையும் கொடுக்கலாம், பெயரைக் கேட்டுத்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள். கன்டெய்னர் (மென்பொருளைத் தனிப் பொதியாக்கி ஓட்டுகிற முறை) வேலை செய்கிறவர்களுக்கு ரெட் ஹட்டே 2019 இலிருந்து யூனிவர்சல் பேஸ் இமேஜ் (யூபிஐ) என்ற அடிப்படை இமேஜை மறுவிநியோக உரிமையோடு தருகிறது. அது நல்ல விசயம், ஏனோ கனபேருக்குத் தெரியாது.

பென் கொண்டு வருகிறவர்களுக்கு: கனக்கப் பென்கள் ஃபாட்32 இல் ஃபோர்மட் ஆகியிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, 16 ஜிபி வெறுமையாக இருந்தாலும் கோப்புப் பெரிது என்று சொல்லி நிற்கும். எக்ஸ்ஃபாட் ஆக மாற்றிக்கொண்டு வாருங்கள். பிரதி எடுத்த பிறகு எஸ்எச்ஏ256 தொகையை (கோப்பு மாறவில்லை என்று காட்டுகிற எண்) அல்மா தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நாலு கை மாறி வந்த ஐஎஸ்ஓ என்றால் கட்டாயம். இணையமே இல்லாத இடத்துக்கு முழு ரெப்போவையும் (மென்பொருள் களஞ்சியம்) ஒரு எக்ஸ்டேனல் ஹாட்டிஸ்க்கில் இறக்கி முல்லைத்தீவுப் பஸ்சில் கொண்டுபோகலாம், மென்பொருள் நிறுவுகிற டிஎன்எஃப் கட்டளை அதிலிருந்தே புதுப்பிப்பை எடுக்கும். ரெட் ஹட் வேண்டுமென்று வருகிறவர்களுக்கு ஐஎஸ்ஓ தரமாட்டேன், கணக்குத் திறக்க உதவி செய்வேன், மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறக்காமல் வாருங்கள்.