ஹெபடைடிஸ் சி: இப்போதே மாத்திரையா, கொஞ்ச நாள் பொறுத்தா? ஒரு பைபோலார்காரனின் கணக்கு

ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஹெபடைடிஸ் சி, அதாவது ஈரலை மெல்லக் கெடுக்கும் வைரஸ், பாசிட்டிவ். 1998-ல் பைக் விபத்தில் எனக்கு நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தானமாக வரும் ரத்தத்துக்கு இந்தச் சோதனை நம் நாட்டில் 2001-ல்தான் கட்டாயமானது. அந்த இடைவெளியில் நுழைந்ததாகத்தான் இருக்கும்.

ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் பைப்ரோஸ்கேனில் 6.8. ஈரல் சுருக்கம் இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் இருபது வருடமாக எனக்கு பைபோலார்: மனசு ஒரு சமயம் உச்சத்துக்கும் ஒரு சமயம் பாதாளத்துக்கும் போகும் நோய். மனசை நிதானமாக வைக்கும் கார்பமசெபின் மாத்திரையின் புண்ணியத்தில் கடைசி ஆறு வருடம் அட்மிஷன் இல்லாமல் ஓடியது. ஈரல் வைத்தியம் என்றால் அதை நிறுத்த வேண்டும். "ஓடுற வண்டியை எதுக்குடா நிறுத்துறே?" என்றார் அண்ணன். பொறுத்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் எனக்கும் கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தச் சோதனை, வருடத்துக்கு ஒரு ஸ்கேன், மனநல மருந்தில் கை வைக்க வேண்டாம். நிம்மதியான வழிதான்.

இந்த வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது வருடத்துக்குள் ஈரல் சுருங்கும் என்பார்கள். என் இருபது வருடம் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

பழைய பயம் ஒன்றையும் தள்ளிவிடுகிறேன். இன்டர்பெரான் ஊசிக் காலத்தில் என்னைப் போன்றவர்களுக்கு வைத்தியம் தரவே டாக்டர்கள் தயங்கினார்கள். அந்த ஊசியே கடும் மனச்சோர்வை, தற்கொலை எண்ணத்தைக் கிளப்பும். இப்போது வெறும் மாத்திரை, பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம். 2018-ல் வந்த தேசியத் திட்டத்தில் அரசு மையங்களில் இலவசம். காசோ ஊசியோ இங்கே பிரச்சினை இல்லை.

பிரச்சினை கார்பமசெபின். வைரஸுக்குத் தரும் சோபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் இரண்டு மாத்திரையையும் அது உடம்பில் நிற்க விடாது. அளவு இறங்கிப்போய் வைரஸ் தப்பித்துவிடும். அதனால் சேர்த்துத் தரவே கூடாது. ஆக, வைத்தியம் வேண்டுமென்றால் ஆறு வருடம் தாங்கிய தூணை உருவ வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மூன்று மாதம் தடுமாறினேன்.

என் மனநல டாக்டர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். "இப்போ மாத்தலைன்னா, அப்புறம் மாத்த என்ன மிச்சம் இருக்கும்?" பைபோலாருக்கான மற்ற மருந்துகளில், ஈரல் கெட்டபின் வால்புரோயேட்டைத் தொட முடியாது. கார்பமசெபினே ஈரல் வழியாகத்தான் போகிறது. லித்தியம் சிறுநீரக வழி, சரி. ஆனால் வயிற்றில் நீர் கோத்து நீர் மாத்திரை ஆரம்பித்தால் லித்தியம் அளவைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாடு. இன்னொன்றும் சொன்னார்: முற்றிய ஈரல் நோயில் ராத்திரி முழிப்பு, பகல் தூக்கம், எரிச்சல், குழப்பம் எல்லாம் வரும். அதைப் பார்த்து வீட்டில் மேனியா (பைபோலாரின் உச்ச நிலை) என்று நினைப்பார்கள், ஈரல் என்று யாருக்கும் தோன்றாது. அந்த நாற்காலியிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். மனசு நிதானமாக, ஈரல் தெம்பாக இருக்கும்போது நாமாக மாற்றுவது வேறு. இரண்டும் ஆட்டம் காணும்போது வேறு வழியில்லாமல் மாற்றுவது வேறு.

ஆறு வாரத்தில் லித்தியத்துக்கு மாறினேன். கை நடுங்கி டீ பாதி தட்டில்தான் இருக்கும். ரத்தத்தில் லித்தியம் வேண்டிய அளவில், 0.7-ல், நின்றது. கார்பமசெபினை முழுக்க நிறுத்தி மூன்று வாரம் விட்டுத்தான் முதல் மாத்திரை. தினமும் இரண்டு, 84 நாள். பால் கணக்கு எழுதும் காலண்டரில் மனைவி டிக் அடித்தாள். ஐந்தாம் வாரம் நாலு மணி நேரத் தூக்கமே போதும் போலிருந்தது. "கண்ணு பளபளங்குது, டாக்டருக்குப் போன் போடுங்க" என்றாள். போட்டேன், இரவுக்கு ஒரு மாத்திரை சேர்த்தார், அடங்கியது. அவள் கவனிக்காமல் இருந்திருந்தால் அந்த டப்பாவை நானே தூக்கி எறிந்திருப்பேன். மேனியா ஏறினால் எனக்கு எந்த வியாதியும் இருப்பதாகவே தோன்றாது.

முடித்து 12 வாரம் கழித்து எடுத்த டெஸ்டில் வைரஸ் இல்லை. சோர்வும் குறைந்தது. அது வைரஸ் போனதாலா, கார்பமசெபின் போனதாலா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. லித்தியத்திலேயே இருப்பவர்களுக்கு இந்த மாற்றும் தலைவலி பெரும்பாலும் இருக்காது. அவர்கள் பொறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மேனியாவோ மனச்சோர்வோ ஏறியிருக்கும் எபிசோடு நடுவில் இருப்பவர்களுக்கோ, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்கோ சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. எதுவானாலும் கார்பமசெபினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈரல் டாக்டரையும் மனநல டாக்டரையும் ஒருவரோடு ஒருவர் பேச வையுங்கள். என் விஷயத்தில் அதற்கே இரண்டு வாரம் ஆனது.

ஹெர்னியா ஆபரேஷனும் ஒருவழியாக முடிந்தது. வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கியதைப் பார்க்கும் ஆன்டிபாடி டெஸ்ட் மறுபடி பாசிட்டிவ். குணமானாலும் அது அப்படித்தான் காட்டும். சிஸ்டர் முகம் மாறியது. ரத்தத்தில் வைரஸே இல்லை என்று சொல்லும், பர்ஸில் மடித்து வைத்திருந்த வைரல் லோடு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.