நாடி பார்க்க எந்தத் திரிபு உணரி: திரவ உலோகமா, விரிசல் படலமா, கார்பன் ரப்பரா?

நீளும்போது மின்தடை மாறும் இழுபடும் உணரி (திரிபு உணரி) என்றதும் "எவ்வளவு நீளும்?" என்றுதான் கேட்கிறார்கள். மணிக்கட்டில் நாடியின் மேலுள்ள தோல் ஒரு துடிப்புக்கு நீள்வது பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. அந்தச் சிற்றசைவை எது உருமாறாமல் காட்டும் என்பதே இங்கே முக்கியம். 0.1 சதவீதத் திரிபு (நீட்சி) என்று வைத்துக்கொண்டு மூன்றையும் பார்ப்போம்.

காலியம் 75.5, இண்டியம் 24.5 சதவீதம் கலந்த திரவ உலோகத்தை 0.2 மி.மீ. சதுரக் குழலில் 10 செ.மீ. நிரப்பினால் மின்தடை சுமார் 0.7 ஓம். கேஜ் காரணி, அதாவது நீட்சியைப் போல மின்தடை எத்தனை மடங்கு மாறுகிறது என்ற எண், ஏறத்தாழ 2. எனவே 10 மில்லியாம்பியர் செலுத்தினாலும் கிடைப்பது 15 மைக்ரோவோல்ட்தான். நாலு கம்பி இணைப்பும் (இணைப்புக் கம்பிகளின் தடை அளவில் சேராமல் இருக்க), இரைச்சல் குறைந்த பெருக்கியும் கட்டாயம். தயக்கம் (இழுக்கும்போதும் விடும்போதும் அளவு வேறுபடுவது) மிகக் குறைவு என்பது பெரிய நன்மை. விரல் மடிப்பை அளக்க அருமையான பொருள். நாடிக்குப் பாடு அதிகம்.

விரிசல் படலம் சிலந்திக் காலின் பிளவு உறுப்பைப் பார்த்து 2014-இல் தென்கொரியாவில் செய்யப்பட்டது. பாலிமர்த் தாளில் 20 நானோமீட்டர் பிளாட்டினம் பூசி, வேண்டுமென்றே நுண்விரிசல் விடுகிறார்கள். 2 சதவீதத் திரிபுக்குள் கேஜ் காரணி 2000-ஐத் தாண்டும். நாடியின் அலைவடிவம் வேண்டுமென்றால் என் தேர்வு இதுதான். ஆனால் வெற்றிடப் பூச்சு எந்திரம் வேண்டும். மணிக்கட்டை மடக்கினால் விரிசல் வளர்ந்து அடிக்கோடு (துடிப்பில்லாதபோது காட்டும் அளவு) நகரும்.

கார்பன் ரப்பரை மேசையிலேயே செய்யலாம். எக்கோஃப்ளெக்ஸ் 00-30 என்ற மென்மையான சிலிக்கோன் ரப்பரின் இரு பகுதிகளும் சம அளவு, கார்பன் கருமை (நுண்ணிய கார்பன் தூள்) எடையில் சுமார் 10 சதவீதம், உறைய 4 மணி நேரம். லேடெக்ஸ் கையுறை போட்டுக் கலக்கினால் அதிலுள்ள கந்தகத்தால் உறையாது. வினைல் கையுறை போடுங்கள். காரணி 5 என்றால், 3.3 வோல்ட் மின்னழுத்தப் பகுப்பியில் (உணரியையும் சம அளவு மின்தடையையும் தொடராக இணைத்த சுற்று) 4 மில்லிவோல்ட் வரும். துடிப்பை எண்ண இது போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இழுக்கும்போது மட்டுமின்றி விடும்போதும் கார்பன் இணைப்புகள் கலைந்து மின்தடை ஒரு முறை ஏறும். திரையில் அது இரண்டாம் மேடாகத் தெரியும். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் தமனியில் வரும் சிறிய இரண்டாம் அலை என்று அதை நம்பிவிடுவோம். உணரியைச் சர்வோ மோட்டாரில் கட்டி, நொடிக்கு ஒரு முறை சீராக இழுத்துப் பாருங்கள். அங்கும் இரண்டு மேடு வந்தால், இரண்டாவது ரப்பருடையது.