உறைபனி சீசனுக்கு ஒரு சின்ன தெர்மாமீட்டர்

ஊட்டி ஜனவரி உறைபனியில் நாற்றுக்குடிலுக்குள் வைக்க, ஒயர் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன், கொடுத்த காசுக்கு மோசமில்லை. சென்சார் ஒரு தெர்மிஸ்டர், அதாவது வெப்பநிலைக்கேற்ப மின்தடை நன்றாக மாறும் சின்ன உறுப்பு, 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் மின்தடை உள்ள வகை. பூஜ்யத்துக்கு இறங்கினால் 30 ஆயிரத்தைத் தாண்டிவிடும். செம்புக் கம்பியில் குளிரக் குளிரத் தடை குறையும், இதில் நேர் எதிர். உள்ளே இருப்பது உலோக ஆக்சைடு கலவைதான், ஆனால் குறைக்கடத்திகளான சுத்தமான சிலிக்கானும் ஜெர்மானியமும் இதே பக்கம்தான் போகும்: எலக்ட்ரான்கள் பிணைப்பில் மாட்டியிருக்கும், வெப்பம் ஏறினால்தான் சில விடுபட்டு ஓடும், அவை விட்டுப்போன துளைகளும் மின்சாரத்தைக் கடத்தும். சிலிக்கானில் அதற்குத் தேவையான ஆற்றல் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு), ஜெர்மானியத்தில் 0.7க்கும் கொஞ்சம் குறைவு. அறை வெப்பநிலையில் ஒரு டிகிரி ஏறினாலே சுத்த சிலிக்கானின் கடத்துதிறன் கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடும். செம்பில் மாற்றம் அரை சதவீதம்கூடக் கிடையாது. அதனால்தான் இவ்வளவு மலிவான சாமான்கூட அரை டிகிரி வித்தியாசத்தைப் பிடிக்கிறது.

குறை என்றால் திரைதான், விடியற்காலைக் குளிரில் எண்கள் மந்தமாக மாறுகின்றன. பட்டன் செல்லும் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. வாங்கியதும் நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், பூஜ்யம் காட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.