தொடரின் பின்னணி இசை: நேரடிக் குழுவா, கணினி ஒலித்தொகுப்பா?

தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைப்பவர், 40 கலைஞர்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்த்தி வாசிக்கச் செய்யலாம். அல்லது முன்பே பதிவுசெய்த ஒற்றைச் சுரங்களைக் கணினியில் கோத்து, அத்தகைய குழுவின் ஒலியை உருவாக்கலாம். படத்தொகுப்பு கடைசி நேரத்தில் மாறி ஒரு காட்சியில் 4 வினாடி குறைந்தால், கணினியில் அதை உடனே சரிசெய்யலாம். வாசித்துக் கலைந்த குழுவை மீண்டும் கூட்டுவது எளிதன்று. முரசொலியிலும் நீளும் தாழ்சுரங்களிலும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வயலினைப் போல வில்லால் வாசிக்கும் பெரிய கம்பி வாத்தியமான செல்லோ தனித்து ஒலிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்: விரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும்போது வில்லின் அழுத்தம் தளர்ந்து இறுகுவதையும், வாசிப்பவர் மெல்ல மூச்சிழுப்பதையும் ஒலித்தொகுப்பு முழுமையாகத் தருவதில்லை. ஆகவே கணினியை அடித்தளமாக வைத்து, இரண்டு மூன்று கம்பி வாத்தியங்களை மட்டும் நேரில் வாசிக்கச் செய்வதையே நான் தேர்வேன். ஒவ்வொரு பகுதியிலும் ஒலிக்கும் தலைப்பு இசைக்கு மட்டும் முழுக் குழுவின் செலவு தகும்.