நீலாங்கரை – பெசன்ட் நகர் ஆமை நடை: தூக்கம் கெட்டாலும் போகலாமா?

கட்டணம் இல்லை. ஆமை கண்ணில் படும் என்ற உத்தரவாதமும் இல்லை. கடலைக் காட்டிக் காசு பார்க்கிற சுற்றுலாக்களுக்கு நடுவே, கடலுக்கே ஏதாவது திருப்பிச் செய்கிற ஒன்று சென்னையில் உண்டென்றால் அது இந்த நடைதான். 1988-ல் மாணவர்கள் தொடங்கிய எஸ்.எஸ்.டி.சி.என். (மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு) அமைப்பின் தன்னார்வலர்கள், ஆமை முட்டையிடும் சீசன் முழுக்க இரவில் இந்தக் கரையை நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். சேரும் முறை மாறக்கூடியது என்பதால், பொங்கல் நெருங்கும்போதே அவர்களுடைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் கூடு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நள்ளிரவை ஒட்டித் தொடங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக ஏறக்குறைய 7 கிலோமீட்டர். முழுக்க மணல். ரோட்டில் 7 கிலோமீட்டரை அசராமல் நடப்பவர்களும் இங்கே பாதி வழியில் திணறுவார்கள். அலை நனைத்து இறுகிய விளிம்பில் நடந்தால் கால் புதையாது. குப்பங்களைக் கடக்கும்போது ஃபைபர் போட்டின் கயிறு முழங்கால் உயரத்தில் குறுக்கே ஓடும்; இருட்டில் விழுகிறவர்கள் பெரும்பாலும் அதில் தடுக்கித்தான் விழுகிறார்கள். டார்ச் அடிக்கலாமா என்று கேட்காதீர்கள். கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். வார் வைத்த செருப்பு, அடர்நிறச் சட்டை, ஒரு லிட்டர் தண்ணீர் போதும். வழியில் கழிப்பறை கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு இது சரிப்படாது.

தடம் கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கவே இவ்வளவு தூரம் நடக்கலாம். பங்குனி ஆமை துடுப்புக் கால்களை மாற்றி மாற்றி வைப்பதால், தடத்தின் இரு பக்கக் கோடுகளும் நேருக்கு நேர் அமையாமல் முன்பின்னாக விழுந்திருக்கும். தடத்தின் முடிவில் மணல் பெரிய வட்டமாகக் கலைந்து கிடக்கும். கூடு அதற்குள் எங்கோ ஓரிடத்தில். முட்டையிட்டதும் ஆமை உடம்பை இடம் வலமாக ஆட்டி மணலை அடித்து இறுக்கி, மேலே வாரி இறைத்துவிட்டுப் போய்விடும். பழகிய கை குச்சியை மெல்ல இறக்கிப் பார்க்கும். மணல் பிடி கொடுக்காமல் உள்ளே போகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கையால்தான் தோண்ட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் முட்டை உடையும். ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற பானை போன்ற குழி. அதில் 100, 120 முட்டை.

விடியும்வரை காத்திருக்க முடியாததற்குக் காரணம் உண்டு. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். எடுத்த முட்டைகளைப் பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே அகலத்தில் தோண்டிய குழியில் வைக்கிறார்கள். ஆழம் மாறினால் சூடு மாறும். ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் பெண் குஞ்சுகள் கூடும், கீழே ஆண் குஞ்சுகள் கூடும். 35-ஐத் தொட்டு அப்படியே நின்றால் முட்டையே கெடும். கரையிலேயே விட்டுவிடலாமே என்றால், நாய்கள் தோண்டிவிடும். தப்பிப் பொரித்தாலும் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து ரோட்டுக்குப் போய்விடும்.

உயிருள்ள ஆமையைவிடச் செத்த ஆமை முதலில் எதிர்ப்படலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. ஆமை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும்; மணிக்கணக்கில் இழுக்கும் டிராலர் வலைக்குள் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உள்ள விதி. வலையில் ஆமை தப்பிக்க டெட் (TED) என்ற கம்பித் தடுப்பும் வைக்கலாம். மீனும் சேர்ந்து போய்விடும் என்று படகுக்காரர்கள் வைக்கத் தயங்குகிறார்கள். எந்தக் கரையில் எத்தனை ஒதுங்கியது என்று சொல்ல, இப்படி இரவோடு இரவாக நடக்கிறவர்களின் கணக்குதான் கைகொடுக்கிறது.

நடக்க முடியாதவர்களுக்கு மாலையில் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவது இருக்கிறது. அழகுதான், ஆனால் கூட்டம் நெரிக்கும். கயிறு தாண்டிப் போய் ஃபிளாஷ் அடிக்கிறவர்களைத் தடுப்பதிலேயே தன்னார்வலர்களின் பாதி சக்தி போய்விடும். இரண்டில் ஒன்று என்றால் எங்கள் ஓட்டு நடைக்கே.

ஆமை காட்டுகிறோம் என்று பணம் வாங்குகிற ரிசார்ட் எதுவானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். குஞ்சைக் கையில் கொடுப்பீர்களா? பட்டப்பகலில் விடுவீர்களா? விருந்தினர் வரும்வரை தொட்டியில் வைத்திருப்பீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள். தொட்டியில் நீந்தி நீந்தி, முதல் சில நாளுக்கான கரு மஞ்சளின் தெம்பைக் குஞ்சு அங்கேயே தீர்த்துவிடும். பகலில் விட்டால் காக்கைக்கும் பருந்துக்கும்தான் இரை.

ஒரு நடைமுறைச் சிக்கல்: தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு. வண்டியைப் பெசன்ட் நகரில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் நீலாங்கரை போய்விடுங்கள். முடிகிற நேரத்தில் திரும்பிப் போக பஸ் இருக்காது.