வீட்டுக்கு வரும் தாதிச் சேவை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கொட்டாஞ்சேனையில் இருக்கும் தோழி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "உங்கட அப்பாவுக்கு வாற அந்த வீட்டுத் தாதிச் சேவையை அம்மாவுக்கும் எடுக்கட்டா? லண்டன்ல இருக்கிற அண்ணா அவைக்கு நன்கொடையும் அனுப்ப யோசிக்கிறார்." கேள்வி இரண்டு. இரண்டுக்கும் ஒரே பதில் என்னிடம் இல்லை. குரல் பதிவில் சொல்லத் தொடங்கி அது முடியாமல் நீண்டதால் எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. கொழும்பில் இலாப நோக்கில்லாத வீட்டுப் பராமரிப்புச் சேவை எதை எடுப்பவருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

அப்பா பாரிசவாதத்தில் விழுந்து, வெள்ளவத்தை ஃபிளாற்றில் படுக்கையாகி வருடங்கள் ஆகின்றன. மூக்கால் உணவுக் குழாய், கீழே சிறுநீர்க் குழாய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போதே இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் இருந்தது. அந்த நிலையில்தான் இவர்களின் தாதி முதல் தடவை வந்தார். நாங்கள் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

மிஸ் மொரட்டுவையிலிருந்து ரயிலில் வந்து, வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவார். தாய்மொழி சிங்களம். அம்மாவோடு பேசுவது அரைகுறைத் தமிழ், ஆனால் அம்மாவுக்கு விளங்காத ஒரு சொல்லையும் விட்டுவிட்டுப் போகமாட்டார். முதல் நாளே ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட குறிப்பேடு, வாங்கி வைக்கச் சொன்னார். அந்தக் கொப்பியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

வந்த நேரம், போன நேரம், காய்ச்சல், பிரஷர், புண்ணின் நீளம், அகலம், ஆழம் சென்ரிமீற்றரில். கதீற்றர் (அந்தச் சிறுநீர்க் குழாய்) மாற்றிய திகதி, அது எந்த வகை, அடுத்தது எப்போது. ரப்பர் வகையைச் சில கிழமைக்குள் மாற்ற வேண்டும், சிலிக்கோன் என்றால் 12 கிழமை வரை விடலாம் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். கடைசியில் கையொப்பம், பக்கத்தில் இலங்கைத் தாதியர் சபையில் அவருடைய பதிவு இலக்கம். அதற்குக் கீழே அம்மாவும் தமிழில் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருநாள் கோஸ் துணி போதாமல் போய்விட்டது. அதையும் தன் பிழையாகவே எழுதி, அடுத்த முறை இரண்டு பைக்கற் கூடக் கொண்டுவருவதாகக் குறித்துவிட்டுத்தான் போனார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை.

புண் மாறியது எப்படி என்பதும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை திருப்புவது, முழுதாகச் சரிக்காமல் தலையணை வைத்து 30 பாகை அளவில் சாய்ப்பது, குதிக்கால் மெத்தையில் படாமல் தூக்கி வைப்பது. குழாயால் கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை 30 முதல் 45 பாகைக்கு உயர்த்தி, கொடுத்து முடிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே விடுவது. அயலட்டைச் சனம் சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொன்னது. மிஸ் அம்மாவின் கையைப் பிடித்து நிற்பாட்டினார். சிவந்த தோலைத் தேய்த்தால் உள்ளே தசை இன்னும் கெடும் என்று அந்த அரைகுறைத் தமிழிலேயே விளங்கப்படுத்தினார். மாதக்கணக்கில் அந்த எண்கள் குறைந்து வந்து ஒருநாள் பூச்சியமானது. அன்றைக்கு அம்மா பால்சோறு வைத்தா.

2022ஐ மறக்க முடியாது. ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அரசாங்கம் அறிவித்த நாட்களில், ரயில் ஓடாத ஒருநாள் மிஸ் மகனுடைய சைக்கிளில் காலி வீதியால் வந்து இறங்கினார். ரூபாய் விழுந்து, டொலர் 200இலிருந்து 360 வரை போன காலம். வெளியிலிருந்து வரும் குழாய், கையுறை எல்லாம் விலை ஏறியும் தட்டுப்பாடாகியும் போயின. அப்போதும் நிறுவனம் எங்களிடம் வாங்கும் மாதப் பங்களிப்பைக் கூட்டவில்லை. அந்தப் பாராட்டு நிறுவனத்தின் தலைவருக்கும் பணிப்பாளர் சபைக்கும் உரியது. அவர்கள் நினைத்திருந்தால் கூட்டியிருக்கலாம், நாங்களும் கொடுத்திருப்போம்.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன்.

மிஸ்ஸைத் திடீரென்று வேறு பகுதிக்கு மாற்றினார்கள். எங்களுக்கு ஒரு சொல் இல்லை. பதிலுக்கு வந்த பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் பராமரிப்பு உதவியாளர். கதீற்றர் மாற்ற அவளுக்குப் பயிற்சி இல்லை, அதை அவளே பயந்து பயந்து சொன்னாள். கந்தோருக்கு எடுத்தால் "சொல்லிவிடுகிறோம்." மாற்ற வேண்டிய திகதி கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தது. அந்தத் திகதி போய், ஓர் இரவு குழாய் அடைத்து, அப்பா வயிறு உப்பி வேதனையில் முனகி, 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அதன் பிறகு நிறுவனத்தின் சபைக்குக் கடிதம் எழுதினேன். மாற்றத்தை யார் தீர்மானித்தது? குடும்பத்துக்கு ஏன் அறிவிக்கவில்லை? அடுத்த முறை இப்படி நடந்தால் நான் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும்? இதைத்தான் கேட்டேன். நட்டஈடு கேட்கவில்லை.

கடிதத்துக்குப் பதில் கடிதம் வரவில்லை. தலைவர் போனில் எடுத்தார். "பிள்ளை, நீங்கள் எங்கட குடும்பம் மாதிரி. ஏன் கடிதம் கிடிதம்? எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே." சொன்னபடி அடுத்த கிழமையே மிஸ் திரும்பி வந்தார். நன்றி சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். பிறகு, கேட்டவற்றுக்கு எழுத்தில் பதில் தர முடியுமா என்று திரும்பவும் கேட்டேன். "நாங்கள் சேவை செய்யிறம் பிள்ளை, வியாபாரம் இல்லை" என்றார்.

அந்த வசனம்தான் இன்றுவரைக்கும் எனக்குள் எரிகிறது. நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவள், தலைவரின் நம்பர் என்னிடம் இருக்கிறது, அதனால் மிஸ் திரும்பி வந்தார். மட்டக்குளியில் ஒரு வீட்டில் இதே சேவையை எடுக்கும் அம்மா ஒருவருக்கு அந்த நம்பர் இல்லையென்றால்? அவருடைய புருஷனின் குழாய் அடைத்தால் அவர் யாருக்குக் கோல் எடுப்பார்? எனக்குக் கிடைத்தது தயவு. தயவு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராது. அதற்குத்தான் முறைப்பாட்டுப் பதிவேடும், பொறுப்பான ஒருவரின் பெயரும், பதில் தரும் கெடுவும் வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. மாதாமாதம் நாங்கள் கட்டும் தொகைக்குத் தரும் பற்றுச்சீட்டில் 'நன்கொடை' என்று இருக்கிறது. ஒரு தனியார் கம்பனியிடம் காசு கொடுத்து எடுத்த சேவை பிழைத்தால் பில்லைக் கொண்டுபோய் நுகர்வோர் அதிகார சபையிடம் முறையிடலாம். நன்கொடை கொடுத்தவள் என்ன முறையிடுவது? கட்டணம் என்றால் கட்டணம் என்று எழுதட்டும், வசதியில்லாத வீட்டுக்கு இலவசம் என்றால் அதையும் எழுதட்டும்.

கணக்கறிக்கையும் கேட்டேன். வருடாந்த இராப்போசனத்தில் கொடுத்த வர்ணப் புத்தகம் வந்தது. படங்கள் நிறைய. கணக்காய்வாளர் கையொப்பமிட்ட வரவு செலவு ஒரு பக்கமும் இல்லை. யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. வருகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் மிஸ் மாதிரி ஆட்களின் சம்பளத்துக்கும் ரயில் காசுக்கும் எவ்வளவு போகிறது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இலங்கையில் இதைத் தேடிப் பார்க்க வழி முழுதாக இல்லை என்றும் சொல்ல முடியாது. தொண்டு நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவாகலாம். 1998இல் வந்த திருத்தம், நிதி மோசடிக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்தால் இடைக்கால முகாமைத்துவ சபை நியமிக்க இடம் கொடுக்கிறது. ஆனால் அது களவுக்கு மருந்து, அலட்சியத்துக்கு அல்ல. இவர்கள் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 34ஆம் பிரிவில், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவானவர்கள். அதனால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் கட்டிக் கோப்பைப் பார்க்க முடிந்தது. பணிப்பாளர்களில் சிலர் வெளிநாட்டில் குடியிருப்பவர்கள். ஆரம்பத்தில் இருந்த பெயர்கள்தான் இன்றும். புதிதாக வந்தது தலைவரின் உறவினர் ஒருவர் மட்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பார்த்தேன். அரசாங்கமோ வெளிநாட்டு அரசாங்கமோ சர்வதேச அமைப்போ கணிசமாக நிதி கொடுக்கும், பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும் அதற்குள் வரும். வந்தால் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். தங்களுக்கு அது பொருந்தாது என்கிறார் நிறுவனத்தின் செயலாளர். அவர்களுடைய வர்ணப் புத்தகத்திலேயே ஒரு தூதரகத்துக்கு நன்றி அச்சடித்திருக்கிறது. அந்தக் காசு கணிசமானதா இல்லையா என்று கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். கணக்கைக் காட்டமாட்டார்கள்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் மிஸ் செய்வதைச் சபையால் ஏன் செய்ய முடியாது? என்ன நடந்தது, யார் செய்தது, என்ன பிழைத்தது, அடுத்தது எப்போது, கையொப்பம். வேறொன்றும் நான் கேட்கவில்லை. கட்டிலடியில் இவ்வளவு ஒழுங்கான நிறுவனம், மேசையடியில் இப்படி இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

தோழிக்கு என் பதில். நாங்கள் சேவையை நிற்பாட்டவில்லை, நிற்பாட்டும் எண்ணமும் இல்லை. மிஸ் அளவுக்குக் கைராசியும் நேர்மையும் உள்ள தாதியைக் கொழும்பில் காசு கொடுத்தும் தேட முடியுமா தெரியாது. ஆனால் நான் இதை எழுதுவது இன்றைக்கு, செயலாளரோடு கதைத்துவிட்டு வந்த கையோடு. இன்றைக்கு எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிஸ் அல்லாத ஒருவர் உன் வீட்டுக்கு வந்து, தலைவரின் நம்பரும் உன்னிடம் இல்லாமல், நடுச்சாமத்தில் உன் அம்மாவோடு நீ தனியாக நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டாயம் எடுக்கத்தான் வேண்டுமென்றால், வருபவரின் தாதியர் சபைப் பதிவு இலக்கத்தையும், அவர் வராவிட்டால் யாரோடு கதைக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே எழுத்தில் வாங்கு. கொப்பியும் ஒன்று வாங்கு.

அண்ணாவிடம் காசை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல். கையொப்பமிட்ட கணக்கறிக்கை வந்த அன்று நானே அவருக்கு எழுதுகிறேன். அதுவரைக்கும் அந்தத் தொகையில் அம்மாவுக்குப் பம்ப்போடு வரும் காற்று மெத்தை ஒன்று எடுக்கச் சொல். வாங்கும்போது அம்மாவின் நிறையைச் சொல்லி, அந்த நிறைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.